ஐந்தும் மூன்றும் இடம் மாறிய கதை

பாடநூல் அச்சகத்தில் அவருக்கு வழங்கிய பெயர் புள்ளி. வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை மூச்சிரைக்க ஓடிவந்து நிறுத்தச் சொன்னார். என்ன குடி முழுகிப் போயிற்றோ என்று ஆளாளுக்கு வேலையைப் போட்டுவிட்டு வந்து கூடினார்கள். ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகம், பக்கம் 47, வரி 12. "பல் துலக்க வேண்டும்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பல துலக்க வேண்டும்" என்று இருந்தது.

"பல துலக்கினாலும் நல்லதுதானே சார்" என்றார் இயந்திரம் ஓட்டுபவர்.

இவர் சிரிக்கவில்லை. லகரத்தின் தலையில் புள்ளி ஏறிய பிறகுதான் இயந்திரம் மறுபடி ஓடியது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர் முப்பத்தொரு ஆண்டுகள் உரியவே இல்லை. வீட்டில் மனைவி மட்டும், கோபம் வந்தால் "பெரும்புள்ளி" என்பாள்.

அவருடைய அறை மாடிப்படிக்குப் பின்னால் இருந்தது. பத்தடிக்கு எட்டடி. இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்த ஒரு சன்னல். மூன்று சுவர்களிலும் அலமாரி. அச்சுக்குப் போன ஒவ்வொரு புத்தகத்தின் கையெழுத்துப் படியும் கடைசித் திருத்தப் படியும் ஆண்டு வாரியாகக் கட்டப்பட்டு அங்கே இருந்தன. சிவப்பு மைப் பேனா ஒன்று. "அச்சிடலாம்" என்ற ரப்பர் முத்திரை ஒன்று. முத்திரை குத்தியதும் அதன் கீழே கையெழுத்து, தேதி, மணி, நிமிடம். நிமிடம் எதற்கு என்று ஒருவர் கேட்டதற்கு, "மணி மட்டும் போட்டா அறுபது நிமிஷத்துல எதுன்னு தெரியாது" என்றார்.

வேலையை இரண்டு பேராகச் செய்வார்கள். எதிர் மேசையில் இருப்பவர் கையெழுத்துப் படியை உரக்க வாசிப்பார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, பத்தி முடிவு எல்லாம் வாயால் சொல்லியாக வேண்டும். இவர் அச்சுப் படியில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். எண் வந்தால் இரண்டு தடவை: ஒருமுறை சொல்லாக, ஒருமுறை இலக்கம் இலக்கமாக. வரி சரியாக இருந்தால் இவர் "ம்" என்பார். அந்த "ம்" விழாமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது. நாளெல்லாம் "ம்" சொல்லிப் பழகிய வாய் வீட்டிலும் அதையே சொன்னது. உப்பு போதுமா, ம். மழை வருமா, ம். "சுவத்துகிட்ட பேசினாலாவது எதிரொலி வரும்" என்பது மனைவியின் நிரந்தரப் புகார்.

ஓய்வு பெற ஒன்பது நாள் இருந்தது. பிரிவு விழாவுக்கு எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. "பிழையே இல்லாத முப்பத்தொரு ஆண்டுகள்" என்று பொறித்த பித்தளைக் கேடயம் தயார். அந்த வாசகத்தின் மெய்ப்பையும் முதலாளி இவரிடமே திருத்தக் கொடுத்திருந்தார், வேறு யாரிடம் கொடுப்பது. புள்ளி அதன் அளவைக் கேட்டுக்கொண்டு, பதினோரு அங்குலத்துக்கு எட்டு, வீட்டு முன்னறையில் இடம் பார்த்து ஆணியும் அடித்துவிட்டார். ஆடம்பரம் அறியாத மனிதர். ஆனால் இந்த ஒன்றுக்கு மட்டும் அவர் உள்ளூர ஆசைப்பட்டார். தினமும் காலையில் காபி குடிக்கும்போது அந்த வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை பகல் ஒன்று பத்துக்கு ஒரு பெண் நடத்துநர் தோளில் டிக்கெட் பையோடு படியேறி வந்தார்.

"பிழை திருத்துறவர் நீங்கதானா?"

"ஆமா. உக்காருங்க."

"உக்கார நேரமில்ல சார். வண்டி கீழ நிக்குது. டிரைவர் சாப்பிட்டு முடிக்க பதினோரு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நான் உங்ககிட்ட சண்டை போட்டு முடிக்கணும்."

பையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அட்டை நைந்து, ஓரமெல்லாம் நாய்க்காதாக மடிந்திருந்தது. பக்கம் 186-ஐத் திறந்தார். "உலக வரலாற்றின் திருப்புமுனைகள்" என்ற அட்டவணை. ஆண்டு, நிகழ்வு, நீடித்த விளைவு என்று மூன்று பத்தி.

"பதினாலாவது வரிய வாசிங்க."

"ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்து. கான்ஸ்டான்டினோபிள் வீழ்ச்சி."

"இப்போ இருபத்திரெண்டாம் பக்கம், கோடு போட்டிருக்கேன் பாருங்க."

அவர் வாசித்தார். 1432இல் பிறந்த சுல்தான், தம் இருபத்தோராம் வயதில் பெரும் பீரங்கிகளுடன் நகரை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார் என்று இருந்தது.

"கூட்டுங்க சார்."

கூட்டினார். விடை வந்தது. மறுபடியும் கூட்டினார்.

"ஐம்பத்து மூணு வருதுல்ல? உங்க அட்டவணைப்படி அன்னிக்கு அந்த சுல்தானுக்கு வயசு மூணு. மூணு வயசுக்கு எங்க பஸ்ல டிக்கெட்டே கிடையாது, மடியில வெச்சுக்கணும். அந்தக் குழந்தை பீரங்கியத் தள்ளிக்கிட்டுப் போய்க் கோட்டைய இடிச்சதா ஊரே மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கு."

"நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பதினாறு வருஷமா அரை டிக்கெட் சண்டை போடுறேன் சார். வயசக் கேட்டா அம்மா ஒண்ணு சொல்லுவாங்க, பிள்ளை ஒண்ணு சொல்லும். பிறந்த வருஷத்தக் கேட்டு நானே கணக்குப் போட்டுக்குவேன். சுல்தானையும் அப்படித்தான் கேட்டேன்."

சண்டையின் காரணம் பிறகு வந்தது. டிக்கெட் பரிசோதகர் பதவிக்குத் துறைத் தேர்வு எழுதியிருக்கிறார். பொது அறிவுத் தாளுக்கு இந்தப் புத்தகம்தான் பாடம். கேள்வி 31, கான்ஸ்டான்டினோபிள் எந்த ஆண்டு வீழ்ந்தது. எழுதியவர்கள் அறுபத்திரண்டு பேர். அறுபத்தொரு பேர் 1435 என்று எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். இவர் மட்டும் 1453 என்று எழுதினார். தேற ஐம்பது வேண்டும், இவருக்கு நாற்பத்தொன்பது. வயது வரம்பு நாற்பது, இவருக்கு முப்பத்தொன்பது முடிந்துவிட்டது. அடுத்த தேர்வு கிடையாது.

"மறுபரிசீலனைக்கு மனு போட்டேன். புத்தகத்துலதான் தப்புன்னு அச்சகத்துலேருந்து எழுதி வாங்கிட்டு வாங்கறாங்க. எப்படித் தப்பாச்சு, யார் பொறுப்புன்னு கையெழுத்தோட இருக்கணுமாம். வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும்தான்."

"ம்" என்றார் புள்ளி.

"ம்னா என்ன சார் அர்த்தம்?"

"பாக்குறேன்னு அர்த்தம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள பாத்துடுங்க." கீழே ஒலிப்பான் இரண்டு முறை அடித்தது. "பாருங்க, பத்து நிமிஷத்துலயே முழுங்கிட்டு வந்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கிப் போனார்.

புள்ளிக்கு முதலில் தோன்றியது ஒரு சின்ன நிம்மதி. எழுதிய ஆசிரியரே தப்பாக எழுதியிருக்கலாம். அப்படியானால் படியில் உள்ளதுதான் அச்சில் வந்தது, இவர் பதிவில் கீறல் இல்லை. முக்காலியில் ஏறி, புத்தகம் முதன்முதலில் அச்சான, பதினெட்டு ஆண்டுக்கு முந்தைய காகிதக் கட்டை இறக்கி, தூசி தட்டி அவிழ்த்தார்.

கையெழுத்துப் படியில் நீல மையில், குழந்தைகூட வாசிக்கும் தெளிவில், 1453. அச்சுப் படியில் 1435. எழுத்துக் கோத்தவர் ஐந்தையும் மூன்றையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார். வரியின் ஓரத்தில், சரி பார்த்ததற்கு அடையாளமான சிவப்புக் குறி. பக்கத்தின் அடியில் "அச்சிடலாம்". கீழே இவருடைய கையெழுத்து, தேதி, காலை 11.52.

அவர் நின்றபடியே அட்டவணையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். இத்தனை ஆண்டில் அதை அவர் வரலாறாக வாசித்தது அதுதான் முதல் தடவை. எழுத்துகளாகத்தான் அவருக்கு அது தெரியும். கொள்ளைநோய் வந்து பாதி ஊர்களைக் காலி செய்திருந்தது. நகரம் விழுந்து பழைய வணிக வழி தடைப்பட, கப்பல்கள் புது வழி தேடிக் கிளம்பியிருந்தன. பதினைந்தாவது வரியில் அச்சு வந்திருந்தது. அது வராவிட்டால் இந்த அறை இல்லை, முக்காலி இல்லை. 1939 என்ற வரியில் விரல் நின்றது. அந்தப் போருக்குப் போன ஒரு தபால் எழுத்தர் திரும்பி வராததால் காலியான நாற்காலியில்தான் இவருடைய அப்பா வேலைக்கு உட்கார்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் இவர் படித்தார். நீடித்த விளைவு என்ற பத்தியில் இதெல்லாம் போட இடம் போதாது என்று விட்டிருப்பார்கள்போல.

பிறகு 11.52க்கு முன்னால் என்ன நடந்தது என்பது நினைவுக்கு வந்தது. வந்ததும் முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது எதிர் மேசையில் வாசித்துக்கொண்டிருந்தவள் ஆறு ஆண்டாக அங்கே வேலை பார்த்த ஒருத்தி. காற்புள்ளியைக்கூட ஒரு இழுவையோடு அழகாகச் சொல்வாள். இவருக்கு வயது நாற்பது. ஆறு ஆண்டாக அவளிடம் இவர் பேசியதெல்லாம் "ம்" தான்.

"ஆயிரத்து நானூற்று ஐம்பத்து மூன்று" என்று வாசித்தவள், இலக்கத்தைச் சொல்வதற்கு முன் நிறுத்தினாள். தலை நிமிராமலே, "அடுத்த வாரத்துலேருந்து நான் வரமாட்டேன். வீட்ல மாப்பிள்ளை பாத்திருக்காங்க" என்றாள். அதே மூச்சில், "ஒண்ணு, நாலு, அஞ்சு, மூணு" என்று தொடர்ந்தாள்.

இவர் "ம்" என்றார். கை தானாகச் சிவப்புக் குறி போட்டது.

அவள் தாளைக் கீழே வைத்தாள். "எதுக்கு ம்? வருஷத்துக்கா, மாப்பிள்ளைக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல."

"அப்போ?"

சன்னலுக்கு வெளியே ஒரு பேருந்து வந்து, ஆள் ஏற்றி, போயும் விட்டது. "மாப்பிள்ளைன்னு இருக்கிற இடத்துல ஒரு திருத்தம்" என்றார் இவர். "அவரை அடிச்சுட்டு, என்னச் சேத்துக்கச் சொல்லுங்க."

மிச்சமிருந்த இருபத்தாறு வரியையும் இருவரும் வாசித்து முடித்தார்கள் என்றுதான் பதிவு சொல்கிறது. எப்படி வாசித்தார்கள் என்று பதிவில் இல்லை. மூன்று மாதத்தில் கல்யாணம் நடந்தது.

புத்தகம் பதினெட்டு முறை அச்சாயிற்று, மொத்தம் 2,16,000 படிகள். மறுபதிப்பில் மாறிய வரியை மட்டும் பார்ப்பதுதான் அச்சக வழக்கம். ஒரு நகரை இரண்டாகப் பிரித்திருந்த சுவர் இடிந்து இரண்டு நாடுகள் ஒன்றானபோது அட்டவணையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள், அதை இவர் மூன்று முறை சரி பார்த்தார். பதினாலாவது வரியை யாரும் தொடவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் இவருடைய சொந்த மகளே அந்த அட்டவணையை ஒப்பித்தாள். முப்பத்தைந்து என்றாள். இவர் நாளிதழுக்குப் பின்னாலிருந்து "ம்" என்றார்.

புள்ளி அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு நேராக முதலாளியிடம் போனார். முதலாளி சின்ன வயதுக்காரர், அப்பாவுக்குப் பின் பொறுப்பேற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் முடிக்கப் பார்ப்பவர்.

"அடுத்த பதிப்புல சத்தமில்லாம மாத்திடலாம் சார்."

"அடுத்த பதிப்பு வர ரெண்டு மாசம் ஆகும். அந்தம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி."

முதலாளி இரண்டு படிகளையும் மாறிமாறிப் பார்த்தார். "கடிதம் குடுத்தா அது துறைக்குப் போகும், அங்கேருந்து கல்வி அலுவலருக்குப் போகும். அவரைத்தான் உங்க விழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருக்கேன். 'பிழையே இல்லாத'ன்னு கேடயத்த அவர் உங்ககிட்ட நீட்டும்போது அவர் சட்டைப் பையில உங்க கடுதாசி இருக்கும்."

"இருக்கும்."

"அப்புறம் விழா எப்படி சார் நடத்துறது? சிரிச்சுடுவாங்க. ரெண்டுல ஒண்ணுதான். நான் உங்களத் தடுக்கல. அச்சகத்துப் பேர் போட்ட தாள் மேசையில இருக்கு. நீங்க இத்தன வருஷம் இருந்ததுக்கு, முடிவ உங்ககிட்டயே விட்டுடறேன்."

இந்த மரியாதைக்குப் பதில் அவர் தடுத்தே இருக்கலாம் என்று புள்ளிக்குத் தோன்றியது. யாராவது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு சௌகரியம். தாள் ஒன்றை எடுத்து, மடிக்காமல், கோப்பில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் புதன்கிழமை காலை காபியோடு ஆணியைப் பார்த்தார். நல்ல ஆணி. நேராக இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் என்று ஒரு எண்ணம் ஓடியது. கண் வலி என்று இரண்டு நாள் விடுப்புப் போட்டால் எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று இன்னொரு எண்ணம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. அப்போது தெருமுனையில் பேருந்து போகும் சத்தம் கேட்டது. அந்த நடத்துநர் அம்மாள் உள்ளே யாரோ ஒரு குழந்தையின் பிறந்த ஆண்டைக் கேட்டுக்கொண்டிருப்பார். புள்ளி காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

எழுதி முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டார். "இத வாசி. நான் நகலப் பாக்குறேன்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பதினெட்டு ஆண்டுக்குப் பிறகும் குரல் தானாகப் பழைய தடத்தில் ஏறியது. "ஐயா காற்புள்ளி. ஒன்பதாம் வகுப்பு வரலாறு காற்புள்ளி பக்கம் நூற்று எண்பத்தாறு, ஒண்ணு எட்டு ஆறு..."

"ம்."

"வரி பதினான்கு, ஒண்ணு நாலு. இவ்வரியில் 1453 என்று இருக்க வேண்டியது 1435 என..." அவள் நிறுத்தினாள். "ஓ. ஒருவழியாத் தெரிஞ்சுடுச்சா?"

புள்ளி நிமிர்ந்தார். "உனக்குத் தெரியுமா?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு கத்திக் கத்திப் படிக்குமே, அப்பவே தெரியும். பதினேழு வருஷம் ஆச்சு. ஐம்பத்து மூணுன்னு வாசிச்சவ நான்தானே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா திருத்திடுவீங்களே."

புள்ளி பேனாவைக் கீழே வைத்தார். "ம்" கூட வரவில்லை.

"உலகத்துல யாருக்கும் கெடுதல் இல்லன்னு நினைச்சேன்" என்றாள். "எங்கியோ ஒரு ஊர் பதினெட்டு வருஷம் முன்னாடி விழுந்தா என்ன, பின்னாடி விழுந்தா என்ன. இந்தம்மா விஷயம் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்." மறுபடி தாளைத் தூக்கினாள். "இப்பிழை, எனது கவனக்குறைவால்... இது என்ன, கவனக்குறைவா?"

"ஆமா. அதுதானே நடந்தது."

"நல்லா இருக்கே. கல்யாணம் ஆனதுலேருந்து பாக்குறேன், அன்னிக்குக் கவனிச்ச மாதிரி நீங்க என்னக் கவனிச்சதே இல்ல. அத போய்க் கவனக்குறைவுங்கறீங்க. பெரும்புள்ளி எழுதுற எழுத்தா இது?"

புள்ளி யோசித்தார். பொய் எழுத முடியாது. பொருத்தமில்லாத சொல்லையும் விட முடியாது. சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லை அடித்து, மேலே எழுதினார். "எனது கவனம் முழுவதும் வேறிடத்தில் இருந்ததால்."

"முற்றுப்புள்ளி" என்றாள் அவள்.

"ம்."

சுத்தப் படி எடுத்து, கையெழுத்திட்டு, தேதி, மணி, நிமிடம் போட்டு, அச்சகம் திறந்ததும் முத்திரை வாங்கிக்கொண்டார். இரண்டு படிகளின் நகலையும் பின்னால் சேர்த்துக் குத்தினார். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. புதன்கிழமை பகல் ஒன்று பத்துக்கு நிறுத்தத்தில் நின்று, நடத்துநர் கையிலேயே கொடுத்தார். அவர் படிக்கட்டில் நின்றபடி ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"கவனம் எங்க சார் இருந்தது?"

"அதே அறையிலதான்."

நடத்துநர் அவர் முகத்தைப் பார்த்தார். ஊரிலுள்ள முகங்களையெல்லாம் நாளுக்கு நாலு தடவை பார்ப்பவர், புரிந்துகொண்டார். "சரி, விசாரணைன்னு வந்தா நான் சொல்லமாட்டேன்" என்று விசில் ஊதினார்.

விழா நடக்கவில்லை. கடைசி நாளன்று இயந்திர அறையில் தேநீர் கொடுத்தார்கள். முதலாளியும் வந்து ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல் குடித்தார். பழைய இயந்திரக்காரர், "பல துலக்கின காலத்துலேருந்து பாக்குறேன், இவர் ஒரு தப்புப் பண்ணிட்டாருன்னு கேட்டதும் எனக்கு என்னமோ வயிறு குளுந்துபோச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். புள்ளியும் சிரித்ததாக மூன்று பேர் சாட்சி.

ஐந்து வாரம் கழித்து, அவரும் மனைவியும் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது புதுச் சீருடையில் பரிசோதகர் ஒருவர் ஏறினார். எல்லாரிடமும் டிக்கெட் பார்த்துக்கொண்டே வந்தவர் இவர்களிடம் வந்ததும் நின்றார்.

"ஐம்பது சார்" என்றார். "கரெக்டா ஐம்பது. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. இப்போ டிக்கெட்டக் காட்டுங்க."

இரண்டையும் வாங்கி, தெரிந்தவர் என்று விட்டுவிடாமல், எண்ணைச் சரிபார்த்துத்தான் திருப்பிக் கொடுத்தார். புள்ளிக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

அடுத்த பதிப்பு வந்தது. முதலாளி ஒரு படி அனுப்பியிருந்தார். மனைவி நேராகப் பக்கம் 186-ஐத் திறந்தாள். பதினாலாவது வரியில் 1453. "போச்சு" என்று சொல்லி மூடி வைத்தாள்.

அன்று பிற்பகல் புள்ளி அலமாரியைக் குடைந்து வீட்டிலிருந்த பழைய பதிப்பு ஒன்றை எடுத்தார். அடிக்கோலை வைத்து 186ஆம் பக்கத்தைப் பிசிறில்லாமல் கிழித்தார். புத்தகத்தைக் கிழித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஓய்வு பெறும்போது அச்சகம் அவரிடமே விட்டுவிட்ட ரப்பர் முத்திரையை எடுத்து, பக்கத்தின் அடியில் "அச்சிடலாம்" என்று ஒரு குத்து. கீழே கையெழுத்து, பதினெட்டு ஆண்டுக்கு முந்தைய அந்தத் தேதி, 11.52. மகளுடைய பழைய சட்டகம் ஒன்றில் பக்கத்தைப் பொருத்தி, கேடயத்துக்காகக் காத்திருந்த ஆணியில் மாட்டினார். இரண்டடி பின்னால் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இங்க பாரு, நேரா இருக்கா?"

சன்னலோரம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"ம்."